தில்லியில் எழுதும் அறிக்கையும் தூத்தூர்ப் படகும்: வெளியுறவு ஆய்வு நிறுவனங்கள் பற்றி ஒரு பதில்

நாகர்கோவிலில் பொருளாதாரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தூத்தூர் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. "அண்ணா, டிவி விவாதத்தில் 'சாத்தம் ஹவுஸ் சொல்கிறது', 'ஓஆர்எஃப் சொல்கிறது' என்கிறார்களே, இந்த வெளியுறவு திங்க் டேங்க் எல்லாம் உண்மையில் என்ன வேலை செய்கின்றன? அவர்கள் எழுதுவதை அரசு கேட்குமா? எங்க ஊர்ப் படகுக்கு அதனால் ஏதாவது உண்டா? அந்த வேலைக்கு நான் போகலாமா?"

தில்லியில் அப்படி ஓர் இடத்தில் சில காலம் குப்பை கொட்டியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். மற்றவற்றை அதற்காகத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், இவை பல்கலைக்கழகமும் இல்லை, அரசு அலுவலகமும் இல்லை. ஒரு விஷயம் ஏன் நடந்தது என்று பல்கலைக்கழகத்தில் 300 பக்கம் எழுதலாம். இங்கே, அமைச்சரோ செயலாளரோ அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்பதைப் பத்துப் பக்கத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதோடு கருத்தரங்கு, பத்திரிகைக் கட்டுரை, வெளிநாட்டிலிருந்து வரும் குழுவோடு சந்திப்பு. சாத்தம் ஹவுஸ் என்பது லண்டனில் உள்ள 'அரச பன்னாட்டு விவகார நிறுவனம்' (பெயரில் மட்டும்தான் அரச). முதல் உலகப்போர் முடிந்து 1919இல் பாரிஸில் சமாதான மாநாடு நடந்தபோது, அங்கே போயிருந்த பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் சிலர் கூடிப் பேசியதில் பிறந்த யோசனை அது. லண்டனில் 1920இல் ஒன்றும், நியூயார்க்கில் 1921இல் இன்னொன்றும் ஆரம்பித்தார்கள். நியூயார்க்கில் உள்ளதுதான் வெளியுறவு மன்றம். இரும்பு எஃகில் பணம் சேர்த்த கார்னகி 1910இலேயே வாஷிங்டனில் ஒன்று தொடங்கிவிட்டார்.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. இந்திய உலக விவகார மன்றம் 1943இல், அதாவது வெள்ளைக்காரன் இருக்கும்போதே, தொடங்கப்பட்டது. தில்லி சப்ரு ஹவுஸ் அதன் வீடு. 1947 மார்ச்சில், இன்னும் சுதந்திரம்கூட வராத நேரத்தில், ஆசிய உறவுகள் மாநாட்டைக் கூட்டியது இந்த அமைப்புதான். ஒரு நாடு தன் கொடியை ஏற்றுவதற்கு முன்பே தன் வெளியுறவுக் கொள்கைக்கு ஒத்திகை பார்த்தது என்று எனக்குத் தோன்றும். 2001இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. குடியரசுத் துணைத்தலைவர்தான் அதன் தலைவர். சீனப்போருக்குப் பிறகு, 1965இல், பாதுகாப்பு ஆய்வுக்கென்று ஐடிஎஸ்ஏ வந்தது. இப்போது அதற்கு முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் பெயர். ஓஆர்எஃப், அதாவது அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற தனியார் ஆய்வு நிறுவனம், 1990இல் வந்தது.

அரசு கேட்குமா? பெரும்பாலான நாட்களில் கேட்காது. ஆனால் திடீரென்று ஒரு நாள் கோப்பு திறக்கும். எங்கோ ஆட்சி கவிழும், எவனோ கப்பலைப் பிடிப்பான், பிரதமர் அடுத்த வாரம் ஒரு நாட்டுக்குப் போவார். அந்த மேசையில் இருக்கும் அதிகாரிக்கு யோசிக்க இரண்டு நாள் கூட இருக்காது. அப்போது யார் கையில் எழுதிய தாள் தயாராக இருக்கிறதோ அவர்கள் சொன்னது உள்ளே போய்விடும். இந்த நிறுவனங்களின் பலம் அறிவு என்று பலர் நினைக்கிறார்கள். தயாராக இருப்பதுதான் பலம் என்பேன்.

இதற்கு நம்மவர் ஒருவரே உதாரணம். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம், இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தகப்பனார், ஐடிஎஸ்ஏவை இரண்டு தடவை நடத்தியவர். அணு ஆயுதம் பற்றி தில்லியில் பேசவே தயங்கிய காலத்தில் வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். 1998இல் பொக்ரான் சோதனை நடந்த பிறகு அரசுக்கு ஒரு கோட்பாடு தேவைப்பட்டது. 1999 ஆகஸ்டில் வரைவைக் கொடுத்த ஆலோசனைக் குழுவுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். 'முதலில் நாம் பயன்படுத்த மாட்டோம்' என்ற நிலை அந்த வரைவில் இருந்தது, 2003இல் அரசு வெளியிட்ட கோட்பாட்டிலும் இருந்தது. ஒரு மனிதர் எழுதிக் குவித்தது அரசுக் கொள்கை ஆக எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

சாத்தம் ஹவுஸ் விதி என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பாய். 1927இலிருந்து இருக்கிறது. கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்தலாம். யார் சொன்னார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் சொல்லக்கூடாது. அதிகாரிகள் மனம்விட்டுப் பேச அது உதவுகிறது. பேசியதற்குப் பொறுப்பேற்காமல் நழுவவும் அதுவே உதவுகிறது.

பணம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஐடிஎஸ்ஏவுக்குப் பாதுகாப்பு அமைச்சகம், உலக விவகார மன்றத்துக்கு வெளியுறவு அமைச்சகம், ஓஆர்எஃப் தொடங்கிய காலத்தில் ரிலையன்ஸ். இதெல்லாம் ரகசியம் இல்லை. அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்கு கத்தார் அரசு 2013இல் நான்கு வருடத்துக்கு 1.48 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதை நியூயார்க் டைம்ஸ் 2014இல் எழுதியபோது பெரிய சர்ச்சை ஆனது. அரசோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: தில்லியில் 1973 முதல் நடக்கும் கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை 2024 ஜனவரியில் உள்துறை ரத்து செய்தது. விதிமீறல் என்றது அரசு, மையம் மறுத்தது. பணம் கொடுத்தவன் சொன்னதையே எழுதுவார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரை அப்படி நேரடியாக நடப்பது அபூர்வம். பணம் கொடுத்தவனுக்குப் பிடிக்காத தலைப்பை யாரும் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதோடு, எது இல்லை என்றும் பார்.

நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு சண்டை நடந்தது. இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 வருட குத்தகைக்குக் கொடுத்தது. கடன் கொடுத்துச் சிக்கவைத்து நிலத்தைப் பிடுங்கும் சீனத் தந்திரம் இது என்று தில்லி ஆய்வாளர் பிரம்ம செல்லானி எழுதினார். 'கடன் பொறி' உலகம் முழுக்கப் பரவி, நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது. 2020இல் சாத்தம் ஹவுஸ் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிர்: துறைமுகம் வேண்டும் என்று கேட்டது இலங்கை அரசே, அதன் கடன் சுமையில் பெரும்பங்கு மேற்கத்தியச் சந்தையில் வாங்கிய கடன்தான் என்றது. இரண்டுமே படித்தவர்கள் எழுதியது. எனக்கு இரண்டாவதில் கணக்கு வலுவாகத் தெரிகிறது. முதலாவதில் வேகம் வலுவாக இருந்தது. பரவியது வேகம்தான்.

சீனாவைப் பற்றிய அந்தப் பேச்சு, அம்பாந்தோட்டைக் குத்தகைக்கு முன்பே நம் கரையையும் தொட்டிருந்தது. கொழும்பில் இறங்கி ஏறும் இந்தியச் சரக்கை நாமே கையாள வேண்டும், சீனாவுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் நம் மாவட்டத்து இனயம் துறைமுகப் பேச்சு வந்தது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. பிறகு கோவளம், கீழமணக்குடி என்று இடம் மாறி, எதிர்ப்பில் நின்றுபோயிற்று. இங்குள்ள ஜனங்கள் கேட்டது கடலரிப்பைப் பற்றி, வள்ளம் எங்கே ஏற்றுவது என்பதைப் பற்றி. மேலே நடந்த பேச்சு சீனாவைப் பற்றி. இரண்டும் ஒரே தாளில் வரவே இல்லை. இன்று பக்கத்துக் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் ஓடுகிறது.

சரி, உன் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம் குமரி மாவட்டம் அளவுக்கு வெளிநாட்டு விவகாரத்தில் சிக்கிய மாவட்டம் தமிழ்நாட்டில் குறைவு.

வாட்ஜ் பாங்கை எடுத்துக்கொள். கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் பரந்து கிடக்கும் மேடு. மீன் அள்ளித் தரும் இடம். 'கச்சத்தீவைக் கொடுத்து வாட்ஜ் பாங்கை வாங்கினோம்' என்று 2024 தேர்தல் நேரத்தில் நிறையப் பேர் பேசினார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கச்சத்தீவு பற்றிய எல்லை ஒப்பந்தம் 1974 ஜூன். அதில் வாட்ஜ் பாங்க் பற்றி ஒரு வரி கிடையாது. மன்னார் வளைகுடா, வங்கக்கடல் எல்லையை வரைந்த ஒப்பந்தம் 1976 மார்ச் 23. அதோடு சேர்ந்து இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில்தான் வாட்ஜ் பாங்க் வருகிறது: அந்தப் பகுதியும் அதன் வளமும் இந்தியாவின் இறையாண்மை உரிமைக்கு உட்பட்டவை, இலங்கைப் படகுகள் அங்கே மீன் பிடிக்கக்கூடாது, நல்லெண்ணத்துக்காக ஆறு இலங்கைக் கப்பல்களுக்கு மட்டும் மூன்று வருடம் அனுமதி, வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது. கொடுக்கல் வாங்கல் என்ற கணக்கு பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் மனதில் இருந்திருக்கலாம். தாளில் அப்படி இல்லை. தாளில் இருப்பதையும் ஊகத்தையும் பிரித்து வைப்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி.

அந்தக் கடிதத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது, யாரும் பேசாத பத்தி. அந்த மூன்று வருட காலத்துக்குள் இந்தியா வாட்ஜ் பாங்கில் பெட்ரோலியமோ வேறு கனிமமோ தேட முடிவு செய்தால் எந்தெந்தப் பகுதி, எந்தத் தேதி என்று இலங்கைக்குத் தெரிவிக்கும். அந்தத் தேதியிலிருந்து இலங்கைக் கப்பல்கள் அங்கே மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும். புரிகிறதா தம்பி? 1976இலேயே எண்ணெய் தேடலும் மீன்பிடியும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது என்பதை இரு அரசுகளும் எழுதி ஒப்புக்கொண்டிருக்கின்றன. குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு தேட வட்டாரங்களை ஏலம் விட்டதை எதிர்த்து நம் கடற்கரை ஊர்கள் போராடின. இலங்கைக் கப்பலுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வோம் என்று எழுதிக் கொடுத்த நாடு, குளச்சல் படகுக்கு என்ன எழுதிக் கொடுக்கப்போகிறது என்று ஒரு நான்கு பக்க அறிக்கை கேட்டிருந்தால் அந்தப் போராட்டத்துக்கு இன்னொரு கை கிடைத்திருக்கும்.

அடுத்தது உன் ஊர் விஷயம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் படகுகள் சுறாவையும் சூரையையும் தேடி எங்கே வரைக்கும் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டியாகோ கார்சியா நம் முனையிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அந்தப் பக்கம் போய் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலில் மாட்டியவர்கள் உங்க ஊர்களில் இருக்கிறார்கள். அந்தச் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன்பே, 1965இல், பிரிட்டன் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டது. ஜனங்களை வெளியேற்றி அமெரிக்கத் தளத்துக்கு இடம் கொடுத்தது. 2010இல் சுற்றியுள்ள கடலை ஏறத்தாழ முழுவதும் மீன்பிடி கூடாத பாதுகாப்புப் பகுதி என்றது. மொரீஷியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்தது கடல் சட்டத்துக்கு விரோதம் என்று 2015இல் நடுவர் மன்றம் சொன்னது. பிரிட்டன் அந்தத் தீவுகளின் நிர்வாகத்தைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து தந்தது. கடைசியில் 2025 மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா தளம் 99 வருடம் பிரிட்டன் கையில்.

இதைப் பற்றி லண்டனிலும் வாஷிங்டனிலும் தில்லியிலும் கட்டுரை குவிந்தது. தளம் என்ன ஆகும், சீனா உள்ளே வருமா, இதுதான் பேச்சு. மொரீஷியஸ் அந்தக் கடலுக்கு என்ன மீன்பிடி விதி கொண்டுவரும், இந்தியப் படகுக்கு உரிமம் கேட்க முடியுமா, பிடிபட்டால் எந்த நாட்டு நீதிமன்றம் என்ற கேள்விகளை நான் படித்த கட்டுரை எதிலும் பார்க்கவில்லை. மொரீஷியஸோடு நமக்கு இருக்கும் நெருக்கத்துக்கு இதைக் கேட்டு வாங்க இதைவிட நல்ல நேரம் அமையாது. ஆனால் கேட்கச் சொல்லி மேசைமேல் ஒரு தாள் இருக்க வேண்டுமே.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு. உங்க ஊரில் ஒவ்வொரு படகு ஓனரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. ஒரு நாட்டின் 200 கடல்மைல் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதாக வெளிநாட்டுப் படகைப் பிடித்தால், நியாயமான பிணைத்தொகை கட்டியதும் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும். இரு நாடுகளுக்கும் வேறு உடன்பாடு இல்லாதவரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடாது. படகு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை, மொரீஷியஸ், செஷல்ஸ், இந்தோனேசியா, பிரிட்டன் எல்லாமே இதில் சேர்ந்த நாடுகள். ஈரான் கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை. இன்னொரு விஷயம்: கரையிலிருந்து 12 மைலுக்குள் இருக்கும் கடலுக்கும், பாக் நீரிணை மாதிரி வரலாற்று நீர்ப்பரப்பு என்று சொல்லும் இடத்துக்கும் இந்தப் பிரிவு போகாது. ஆகவே ராமேஸ்வரம் படகின் வழக்கும் தூத்தூர் படகின் வழக்கும் சட்டத்தில் ஒன்றல்ல. பத்திரிகை இரண்டையும் 'மீனவர் கைது' என்று ஒரே தலைப்பில் போடும்; ஆளை மீட்கப் போகிறவன் பிரித்துத்தான் பேச வேண்டும்.

கடல் சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பது நமக்கு அடிபட்டே தெரியும். 2012 பிப்ரவரி 15இல் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். படகு நம் மாவட்டத்துக்காரருடையது. கேரளக் கரையிலிருந்து 20 மைல் தள்ளி நடந்ததால் விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதே எட்டு வருட வழக்காயிற்று. 2020இல் நடுவர் மன்றம், இத்தாலி இந்தியப் படகின் கடற்பயண உரிமையை மீறியது, நஷ்டஈடு தர வேண்டும் என்றது. ஆனால் சுட்டவர்கள் இத்தாலியக் கடற்படையினர், அவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது என்றும் சொன்னது. பத்துக் கோடி ரூபாயோடு 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

மணவாளக்குறிச்சி மணல் தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1909இல் ஒரு ஜெர்மன்காரர் அதில் தோரியமும் அரிய மண் தனிமங்களும் கொண்ட மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து இது உலக விவகாரம். 1947இல் திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பார்த்த திவான் சி.பி. ராமசாமி ஐயர் கையில் இருந்த துருப்புச் சீட்டுகளில் இந்தத் தோரிய மணலும் ஒன்று. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் தில்லியில் எல்லா நிறுவனமும் ஒரே குரலில் 'உள்நாட்டுச் சுரங்கம்' என்று எழுதின. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர்கள் நிற்பது அந்த அறிக்கைகளில் வந்தால் ஒரு அடிக்குறிப்பாக வரும்.

அப்போ நம் ஊரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கலாமா என்று கேட்பாய். கட்டடமும் திறப்பு விழாவும் சுலபம். முடியும் என்பதற்கு பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் அத்தாட்சி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளாகத்தில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இலிருந்து கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தி வந்தது. வளைகுடாவில் எத்தனை பேர், எவ்வளவு பணம் அனுப்புகிறார்கள், திரும்பி வந்தவர்கள் கதி என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியதால்தான் கேரள அரசு தில்லியோடு எண்ணை வைத்துப் பேச முடிகிறது. தமிழ்நாட்டுக்கு அப்படி ஒன்று 2015இல் நடந்தது. கொரோனா நேரத்தில், 2020 ஜூலை முதல் தேதி, ஈரானில் மாட்டியிருந்த 687 பேரைக் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. நம் மாவட்டத்து மீனவர்கள் நிறையப் பேர் அதில். எந்தத் துறைமுகத்தில், எந்த முதலாளியிடம், எத்தனை பேர் என்ற பட்டியல் முன்னாடியே யாரிடமாவது இருந்ததா? பங்குச்சாமியாரும் ஊர்க் கமிட்டியும் போன் போட்டுப் போட்டுச் சேர்த்ததுதான். அந்தப் பட்டியலை வருடா வருடம் எடுக்க இரண்டு பேரும் ஒரு அறையும் போதும். நிறுவனம் என்ற பேர் பிறகு வரட்டும்.

கடைசியாக, வேலை. சம்பளம் பெரிதாக இருக்காது, பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தில்லி வாடகையில் பாதி போய்விடும், எழுதுவது எல்லாம் இங்கிலீஷில். ஓய்வு பெற்ற தூதர்களும் ஜெனரல்களும் மேலே உட்கார்ந்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பதை அவர்கள் பேசுவார்கள். இதெல்லாம் பரவாயில்லை என்றால் வா. பொருளாதாரத்தோடு கடல் சட்டத்தைச் சேர்த்துக்கொள். சிங்களமோ பிரெஞ்சோ ஒன்று படி; தமிழும் மலையாளமும் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது, இலங்கை, மாலத்தீவு, வளைகுடா மூன்றுக்கும் அது தில்லிக்காரனிடம் இல்லாத சொத்து. உலக விவகார மன்றம், ஐடிஎஸ்ஏ, தேசிய கடல்சார் அறக்கட்டளை, சென்னையில் சீன ஆய்வு மையம் என்று மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் இடங்கள் உண்டு. விண்ணப்பத்தோடு நீ எழுதிய ஏதாவது ஒன்றை அனுப்பச் சொல்வார்கள். கல்லூரி அசைன்மெண்டை அனுப்பாதே. உங்க ஊரில் பிடிபட்டுத் திரும்பிய படகுகளின் ஓனர்களைப் பார்த்து, எந்த இடத்தில், எந்த மாதம், எந்த நாட்டுக் கப்பல், எவ்வளவு அபராதம், எத்தனை நாள் கழித்து விட்டார்கள் என்று கேட்டு எழுது. பேர் போட வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 73ஆவது பிரிவு பின்பற்றப்பட்டதா என்று ஒரு வரி போடு. ஆறு பக்கம் வந்தால் போதும், வரைவை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.